எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிள்ளை

வாசிப்புத் துணைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள் என்று டீச்சர் கேட்டார். பேசினால் பாதி மறந்துபோகும், எழுதித் தருகிறேன் என்றேன். பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் விடுவதில்லை. நம் வேலை முழுவதும் பாயில்தான். அதனால் விலகிக்கொள்கிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எங்கேயும் நின்றதில்லை. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் இருந்தேன். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டதும் வெளியே வந்துவிட்டேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரித்தேன். திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டினேன். கொடைரோடு ஸ்டேஷனில் கொய்யாக் கூடையோடு ரயிலுக்கு ரயில் ஏறி இறங்கினேன். கஷ்டம் என்று சொன்னால் கஷ்டம்தான். அப்போது அதற்கெல்லாம் பெயர் வைக்க நேரம் இல்லை. ஓர் இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்குக் காலில் எறும்பு ஊறுவது போல இருக்கும்.

அப்படிச் சின்னாளபட்டிப் பக்கம் வந்து நின்றபோது, இந்தப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு வந்தேன். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் மற்றவர்களுக்காகக் காத்திருக்கும்போது ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டு சண்டை போடும். அதை நிறுத்தக் கீழே விரித்திருந்த பழைய பேப்பரை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். காணாமல்போன ஆட்டுக்கு யாரோ கொடுத்த விளம்பரம். பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். ஆடு கிடைத்ததா இல்லையா என்று மறுநாளும் கேட்டார்கள். கிடைத்துவிட்டது என்று நானாகச் சொல்லி வைத்தேன்.

இதை ஒன்றாம் இரண்டாம் வகுப்பு டீச்சர் கவனித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அப்போதுதான் சிறு பிள்ளைகளுக்கு வாசிப்புத் துணை ஆட்கள் வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையில் தேடிக்கொண்டிருந்தார்கள். படிப்பு எவ்வளவு என்று அவர்கள் கேட்டபோது டீச்சர் முந்திக்கொண்டு, “நல்லா வாசிக்கிறாங்க, நல்லாக் கேக்குறாங்க, அது போதும்” என்றார். அந்த வார்த்தைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

நம் வகுப்பு எப்படி இருக்கும் என்று இந்த இரண்டு வாரத்தில் பார்த்திருப்பீர்கள். ஒருத்தனுக்குப் பல் ஆடுகிறது, அதை வகுப்பே பார்க்க வேண்டும். ஒருத்தி ரிப்பன் அவிழ்ந்தால் படிக்க மாட்டாள். ஒன்றுக்குப் போகணும் என்று ஒருவன் எழுந்தால் பத்துப் பேருக்கும் வந்துவிடும். இதற்கு நடுவில்தான் எழுத்து. இந்தச் சத்தத்தில் நமக்குச் சீக்கிரம் பிடித்துப்போகிற ஒரு விஷயம் உண்டு. ஒருவர் சொல்ல எல்லோரும் சேர்ந்து சொல்வது. கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். வெளியே போகிறவர்கள் நின்று கேட்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் எந்தப் பிள்ளை வாசிக்கிறது, எது வாயை மட்டும் அசைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டீச்சர் அந்த நேரத்தில் பாய்களுக்கு நடுவே நடந்து ஒவ்வொரு வாய்க்கும் காதைக் கொடுப்பார்.

அவரிடம் இன்னொரு பழக்கம். பிள்ளை தனியாக வாசிக்கும்போது தன் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டேன். “நம்ம கை சும்மா இருக்காதுக்கா. புள்ள யோசிக்கிறதுக்குள்ள வெரலக் கொண்டுபோய் எழுத்துல வச்சிரும்” என்றார். எனக்கு அது புரிந்தது, ஆனால் கை கேட்கவில்லை. கூடையிலிருந்து பழம் உருண்டால் பிடித்துப் பழகிய கை.

இப்போது மகாவைப் பற்றிச் சொல்கிறேன். நான் சொல்ல வந்ததே அவளைப் பற்றித்தான்.

மகாலட்சுமி இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அக்கா சங்கீதா அதே பள்ளிக்கூடத்தில் நான்காவது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். வெள்ளைத் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூல் சுற்றி இறுக்க வேண்டும். சாயம் நனைத்து எடுத்து அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூவாக நிற்கும்.

எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது மகாவின் குரல்தான் முதலில் கேட்கும். தனியாகக் கேட்டால் ஒரு வார்த்தை வராது. கரும்பலகையைக் காட்டினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு பார்ப்பாள், அவ்வளவுதான். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் கண்ணில் குறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கையில் புத்தகம் கொடுத்தால் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்வாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நாங்கள் நேராக வைப்போம். அவள் மறுபடி திருப்புவாள். நாங்கள் மறுபடி நேராக்குவோம். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்துவிடுவாள். வட்டமாக உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் பார்க்கும்போது யார் பக்கத்திலும் உட்கார மாட்டாள். புத்தகம் வைத்திருக்கிறவருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வாள். கூச்சம் என்று நினைத்தோம்.

அந்த வருஷம் வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. ஒரு வார்த்தைகூட வாசிக்க முடியாத பிள்ளைகளைத் திண்டுக்கல்லுக்கு மருத்துவரிடம் அனுப்பிப் பார்க்க வேண்டும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படிப் போய் நன்மை அடைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மகாவின் அம்மாவுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னதும் அந்த அம்மா கோபப்படவில்லை. முன்பே தீர்மானித்து வைத்திருந்தது போல அமைதியாகப் பேசினார்.

“மூளை சரியில்லன்னு ஒரு தடவ எழுதிட்டா ஊர் வாயி சும்மா இருக்குமா சார்? நாளைக்கு அவள ஒருத்தன் கையில குடுக்க வேணாமா? சங்கீதா படிக்கட்டும். இவ எங்கூட இருந்துட்டுப் போறா. முடிச்சு நல்லாத்தான் போடுறா.”

சட்டம், உரிமை என்று தலைமையாசிரியர் எடுத்துச் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுகிற விதத்திலேயே தெரிந்தது, அந்த ஆள் வந்து போகிற நாள்தான் மகா பள்ளிக்கூடத்துக்கு வருகிற கடைசி நாள். பெயர் ரிஜிஸ்டரில் இருக்கும், பிள்ளை வீட்டில் துணி முன்னால் இருக்கும். படிப்பு நின்றுபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு ஏழு வயசு. நான் பன்னிரண்டில் நின்றவள். எனக்காவது பஸ் போர்டு வாசிக்கத் தெரிந்திருந்தது. அதை வைத்துத்தான் இத்தனை ஊர் போய் வந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்ப்போம் என்று ஒரு சாயங்காலம் போனேன். பேசத் தோதுப்படவில்லை. அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, “பேசிட்டே இருங்கக்கா, கை வேலையப் பாக்கும்” என்று அடுப்படிப் பக்கம் துணியை மடித்து வைக்கப் போய்விட்டார். கூடத்தில் இன்னொரு துணியை நடுவில் போட்டு, இந்தப் பக்கம் சங்கீதா, அந்தப் பக்கம் மகா எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கீதா துணியின் மேலேயே புத்தகத்தை விரித்து வைத்து வீட்டுப்பாடம் வாசித்தாள். ஒரு நீளமான வார்த்தையில் திக்கினாள். மகா முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“எனக்குத் தெரியும். நீ பேசாம முடிச்சப் போடு” என்றாள் அக்கா.

“தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே” என்றாள் தங்கச்சி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா தினமும் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தேன். கண் முன்னால் இருந்தது. பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. அந்த அம்மாவிடம் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒன்றும் ஆகாமல் பஸ் ஏறினேன்.

அந்த நாள் வந்தது. வந்தவர் நடுவயதுக்காரர். பைக்கில் வந்த புழுதி சட்டையெல்லாம் இருந்தது. நாற்காலி போட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. பிள்ளையை எதிரே உட்கார வைத்து, புத்தகத்தை அதற்கு நேராக வைத்து, ஏதாவது சிரிக்கப் பேசிவிட்டு வாசிக்கச் சொல்வார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தப்பும் சரியுமாக வாசித்துவிட்டு எழுந்தன. தலைமையாசிரியர் கதவோரம் நின்றிருந்தார். வராந்தாவில் சங்கீதாவோடு அவர்கள் அம்மா. மகாவின் பையை அந்த அம்மா அதற்குள்ளேயே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கூட்டிக்கொண்டு போக.

மகாவைக் கூப்பிட்டார்கள். வந்தவர் அவளுக்கு முன்னால் புத்தகத்தை வைத்தார். அவள் செத்த நேரம் அதைப் பார்த்தாள். பிறகு எப்போதும் போல அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். “சார், மகா எப்பவும் இப்டித்தான் சார்” என்று ஒருவன் எடுத்துக் கொடுத்தான். அவர் புன்னகையோடு புத்தகத்தை நேராக்கக் கையை நீட்டினார்.

அந்தக் கை புத்தகத்தைத் தொடுகிற நேரத்தில் எனக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்தது. நடுவில் துணி, இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கச்சி. துணிக்கு மேல்பக்கம் கீழ்பக்கம் கிடையாது, எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் புள்ளி புள்ளிதான். ஆனால் அதன் மேல் இருந்த புத்தகம்? அது அக்காவுக்குத்தானே நேராக இருந்தது, மகாவுக்குத் தலைகீழ்.

முழுதாக யோசித்து முடிக்க நேரம் இல்லை. வாய் முந்திக்கொண்டது.

“சார், செத்த அப்படியே விடுங்க.”

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். ஏழாம் வகுப்புக்காரி அதிகாரியின் கையை நிறுத்துகிறாள். எனக்கே பயமாக இருந்தது. நினைத்தது தப்பாக இருந்தால் பிள்ளையை இன்னும் கேலிக்கு ஆளாக்கியவள் ஆவேன்.

“தலைகீழா வச்சிருக்காளேம்மா” என்றார் வந்தவர்.

“தெரியுதுங்க சார். கைய மட்டும் எடுத்துக்கங்க.”

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீச்சர் வைப்பது போலவே. காரணம் சொல்லு என்று அவர் கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது, நேரம் போயிருக்கும், பிள்ளை கோரையைப் பிய்க்க ஆரம்பித்திருக்கும். எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். காரணம் கேட்காமல் கையை எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டீச்சர் சிரித்த பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். வகுப்பு அடங்கியது.

மகா என்னைப் பார்த்தாள். யாராவது புத்தகத்தைத் திருப்புவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திருப்பவில்லை. அவள் விரல் அவளுக்குக் கிட்டே இருந்த முதல் வரியில், வலது ஓரத்தில் போய் நின்றது. அங்கிருந்து இடது பக்கமாக மெல்ல நகர்ந்தது. வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வரி.

“இது பாடப் புஸ்தகம்” என்றார் அவர் சன்னமாக. “கேட்டுக் கேட்டு மனப்பாடமா இருக்கலாம்ல?”

இருக்கலாம் என்றுதான் நானும் பயந்தேன். அவர் தன் பையிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்தார். வேறு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வைத்திருந்தது, எங்கள் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை. நடுவில் ஒரு பக்கத்தை விரித்து வைத்தார். மகா அதையும் திருப்பி வைத்தாள். ஒரு தவளை குளத்தில் குதிக்கிறது, கரையில் நிற்கிற யானை நனைந்துபோகிறது. அவ்வளவுதான் கதை. மகா தடுக்கினாள். ‘தவளை’யில் ஒரு தரம் நின்றாள். ‘தெறித்தது’ என்ற வார்த்தையில் இரண்டு தரம் முட்டி, பின்வாங்கி, மறுபடி வந்து முழுதாகச் சொன்னாள். யானை தவளையைப் பார்த்து, “நீ குளித்தால் போதாதா, என்னையும் குளிப்பாட்ட வேண்டுமா?” என்று கேட்கிற இடம் வந்தது. அதைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தவள் செத்த நேரம் அந்த வரியையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மனப்பாடம் வழுக்கிக்கொண்டு போகும். வாசிப்பு முதலில் தடுக்கித் தடுக்கித்தான் வரும். நகைச்சுவை வந்து கொஞ்சம் கழித்துச் சிரிக்கிற பிள்ளை வாசிக்கிற பிள்ளை.

அவரும் சிரித்தார். தனக்கு நேராக இருந்த அந்தப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு டீச்சரிடம், “காலைலேர்ந்து எல்லாப் புள்ளைக்கும் எதிர்ல உக்காந்து நானும் தலைகீழாத்தான வாசிச்சுக்கிட்டிருக்கேன்? என்னைய யாரும் டாக்டர்ட்ட அனுப்பலையே” என்றார். “இவ ஒருத்திதான் புஸ்தகத்த எனக்கு நேரா வச்சுக் குடுத்தா.”

வராந்தாவிலிருந்து அந்த அம்மா உள்ளே வந்துவிட்டார். “அப்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேணாமா சார்?”

“வேணாம்மா. வாசிக்குது. எடம் மாறி உக்காரப் பழகணும், அம்புட்டுதான்.”

அந்த அம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் மகாவைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு நாளும் ஏண்டி சொல்லல?”

“நான் திருப்பி வச்சா டீச்சர் திருப்பி வைக்கிறாங்கம்மா” என்றாள் மகா.

அந்த அம்மா மகாவின் பையைத் தோளிலிருந்து கழற்றி, பாயில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாற்றுவது அவ்வளவு சிரமமாக இல்லை. நேராக வை என்று நாங்கள் சொல்லவில்லை. வட்டத்தில் அவள் உட்காருகிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினோம். எனக்கு எதிரே இருந்தவள் ஓரம் வந்தாள். ஓரத்தில் கொஞ்ச நாள் கழுத்தைச் சாய்த்து வாசித்தாள். பிறகு இன்னும் கிட்டே வந்தாள். இது டீச்சரின் யோசனை. வீட்டிலும் சங்கீதா அதையே செய்தாள். துணிக்கு ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிரே இருந்து வார்த்தை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று சங்கீதாவுக்குத்தான் குறை. ஒரு நாள் மகா என் முழங்கையை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு முன்னால் பக்கத்தைப் புரட்டினாள். கையை மடியில் வைக்க நான் பழகியது அந்த நாட்களில்தான்.

அந்த அதிகாரி பிறகு வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டார். போகும்போது தவளைப் புத்தகத்தை எங்கள் வகுப்புக்கே விட்டுவிட்டுப் போனார். அலமாரியில் முதுகு கிழிந்து ஒட்டுப்போட்டு இருக்கிறதே, அதுதான். ஒட்டிக்கொண்டே இருங்கள்.

நான் இவ்வளவு நாள் ஓரிடத்தில் இருந்ததில்லை. பாயில் உட்கார்ந்துகொண்டே இத்தனை தூரம் போய்வர முடியும் என்று எனக்கு இந்தப் பிள்ளைகள்தான் காட்டினார்கள். டீச்சருக்கு நன்றி. புழுதிச் சட்டைக்காரருக்கு நன்றி. தோளிலிருந்து பையைக் கழற்றிய அந்த அம்மாவுக்கு எல்லோரையும்விட அதிகமாக.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். மகா இப்போது ஐந்தாவது. மதியம் சாப்பிட்டதும் ஒன்றாம் வகுப்புக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பாள். படத்தைப் பார்க்க விடு என்று பிள்ளைகள் மேலே விழுந்து பிடுங்குகிற தொல்லை அவளிடம் கிடையாது. புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு நேராக விரித்து வைத்துவிட்டு, அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரு வார்த்தை தடுக்காமல் வாசிப்பாள். நம்மில் யாருக்கும் அவ்வளவு சரளமாக வராது.

போன வாரம் உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், அவள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறாள் என்று அன்பாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவள் “சரிங்க டீச்சர்” என்றாள். அவர் அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, மறுபடியும் பிள்ளைகள் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.